முதலைக்கு முழு மதிப்பெண்

ஒரு காட்டில் வெள்ளையம்மாள் என்றொரு கரடி இருந்தாள். உடம்பு கன்னங்கரேல் என்றிருந்தாலும் பெயர் அதுதான். எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி.

அந்தக் கோடையில் குட்டிகளெல்லாம் ஆற்றில் இறங்கி ஒரே கும்மாளம். ஒரு மான்குட்டி சுழலில் சிக்கி, நல்லவேளையாகப் பிழைத்தது. பதறிப்போன பெற்றோர்கள், "நாங்கள் இரை தேடப் போகும்போது குட்டிகளைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆளாகத் தேடிக் கொடு" என்று வெள்ளையம்மாளைக் கேட்டார்கள். அவளுடைய குட்டிகள் இரண்டும் அந்தக் கும்மாளக் கூட்டத்தில்தான் இருந்தன.

செய்தி பரவியதும் வேலை கேட்டு வந்த கூட்டத்தைப் பார்த்து அவளுக்குத் தலை சுற்றியது.

நகரத்தைச் சுற்றிவிட்டு வந்த பெருமைக்காரக் குரங்கு ஒன்று, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

"அக்கா, இது செயற்கை நுண்ணறிவுப் பெட்டி! கேள்வியும் இதுவே கேட்கும், மதிப்பெண்ணும் இதுவே போடும். நீங்கள் காலை நீட்டிப் படுங்கள்!"

பெட்டியை ஆற்றோரப் பாறையில் வைத்தார்கள். அதற்குக் காது உண்டு, கண் கிடையாது. ஒவ்வொருவராக வந்து தனியாகப் பேசிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பெட்டி முடிவைச் சொன்னது.

"முதலிடம், தண்ணீருக்குள் இருந்தே பேசியவர். முழு மதிப்பெண்! கடைசி இடம், பாதிப் பேச்சில் எழுந்து ஓடிய நீர்நாய்."

"முதலிடத்துக்காரர் என்னதான் பேசினார்?" என்றாள் வெள்ளையம்மாள். பெட்டி அந்தப் பேச்சை அப்படியே ஒலித்துக் காட்டியது.

"நீந்தத் தெரியுமா?"

"தண்ணீர்தானே என் வீடு!"

"பொறுமை உண்டா?"

"நாளெல்லாம் அசையாமல் கிடப்பேன்."

"குட்டிகளைப் பிடிக்குமா?"

"ஆகா! பிடித்தால் விடவே மாட்டேன்!"

"கேட்டீர்களா அக்கா? என்ன பாசம்!" என்று குரங்கு துள்ளிக் குதித்தது.

வெள்ளையம்மாளுக்கு மட்டும் அந்தக் குரலில் பாசத்தைவிடப் பசிதான் அதிகம் இருந்ததாகப் பட்டது. "எதற்கும் முகத்தைப் பார்த்துவிடுகிறேன்" என்று தனியாக ஆற்றோரமாக நடந்தாள்.

அங்கே படுத்திருந்தது, கீழாற்றிலிருந்து புதிதாக வந்த முதலை!

"வாருங்கள், வாருங்கள்! குட்டிகள் எப்போது வரும்? எல்லாம் நன்றாகக் கொழுகொழுவென்று இருக்குமா? மெலிந்த குட்டியைக் கண்டால் என் மனசு தாங்காது!" என்ற முதலையின் வாயோரம் எச்சில் ஒழுகியது.

வெள்ளையம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் சிரித்த முகத்தோடு சொன்னாள்: "வேலை உமக்குத்தான். ஆனால் குளியல் இங்கே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மடுவில். நீர் முன்னால் போய் இடம் பிடித்து வையும்."

"இதோ கிளம்பிவிட்டேன்!" முதலை மூச்சிரைக்க மலையேறியது.

வெள்ளையம்மாள் நேராக நீர்நாயைத் தேடிப் போனாள். "ஏன் அம்மா பாதியில் எழுந்து ஓடினாய்?"

"அணில்குட்டி ஒன்று தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது அக்கா. தூக்கிக் கரையில் விட்டு, உடம்பு துவட்டி, அழுகையை நிறுத்துவதற்குள் பெட்டியை மறந்தே போனேன்."

"இன்றிலிருந்தே நீதான்!" என்று வெள்ளையம்மாள் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். கரடி அணைப்பு அல்லவா, நீர்நாய்க்கு மூச்சே முட்டிவிட்டது.

பெட்டியை யாரும் தூக்கி எறியவில்லை. வேலை கேட்டுக் கூட்டம் சேரும்போது வரிசையாகப் பெயர் கூப்பிட அது நன்றாகவே உதவியது. யாரை எடுப்பது என்பதை மட்டும் வெள்ளையம்மாள் நேரில் பேசிப் பார்த்துத்தான் சொல்வாள். ஆற்றிலோ நீர்நாயின் முதுகில் ஏறக் குட்டிகளுக்குள் தினமும் போட்டி!

மலைக்கு அப்பாலிருந்த மடுவில், பறந்து போகும் கொக்கையெல்லாம் நிறுத்தி முதலை கேட்டுக்கொண்டிருந்தது: "தம்பி, குட்டிகள் கிளம்பிவிட்டனவா?"

நீதி: ஆள் சேர்க்கக் கருவி உதவும், ஆளின் குணம் அறிய நேரில்தான் பழக வேண்டும்.