பண்ணையாரின் சத்தமில்லாத வண்டி

சிரிக்கலாம், கொஞ்சம் பொறுங்க. முதலில் பண்ணையார் ராஜாமணி கத்தி முடிக்கட்டும்.

"ஏலே மாசானம்! வேட்டைக்கும் வயலுக்கும் ஒரே வண்டி வேணும். பன்னிக்குச் சத்தமே கேக்கக் கூடாது. ஆனா நான் வாரது ஊருக்கே தெரியணும். எந்த வண்டின்னு பொழுது சாயுமுன்ன சொல்லலைன்னா உனக்கு டிரைவர் வேலை கிடையாது!"

"பேட்டரி வண்டி வாங்குங்க முதலாளி. சேத்துல ஏறும், எருவும் சுமக்கும், மூச்சுக்கூட விடாது."

"அப்ப ஊருக்கு எப்படிலே தெரியும்?"

"ஏறப்போறது நீங்கல்லா?"

"அப்படிச் சொல்லு!" பூரித்துப்போனவர், மறுநாளே வண்டியை வாங்கிச் சாவியை அவனிடமே கொடுத்தார்.

முதல் வேட்டையில் வண்டி பன்றிக்குப் பத்தடியில் போய் நின்றது. பன்றி திரும்பியே பார்க்கவில்லை.

"துப்பாக்கியை எடுலே!" என்று கத்தினார் பண்ணையார். பன்றி பறந்தது. அரை மைலுக்கு அப்பால் டீக்கடையில் யாரோ, "முதலாளி வாராவ, பெஞ்சைத் துடைங்கடே!" என்றார்கள்.

"நீங்க கேட்ட ரெண்டும் நடந்துட்டுல்லா?" என்றான் மாசானம் பணிவாக.

"ஆமாலே!" என்று சிரிக்கத் திறந்த பண்ணையாரின் வாய், பாதியில் நின்றது.