பூபதி பண்ணையின் தவிட்டு மூட்டை

நாய்ப்பண்ணை முதலாளி பூபதிக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டை நாய்களுக்கு ஓய்வே கொடுக்காமல் குட்டி போட வைப்பது சட்டப்படி குற்றம். அதைச் சோதிக்கக் கால்நடை டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார்.

ஓயாமல் குட்டி போட்டு எலும்பும் தோலுமாய் இருந்த தாய் நாயைக் குட்டிகளிடமிருந்து பிரித்துப் பின்கொட்டகையில் தள்ளிப் பூட்டினார். கண்காட்சிக்குப் போகும் கொழுகொழு நாயை முற்றத்தில் உட்கார வைத்தார். கூண்டு கழுவும் பேச்சிக்கனியைக் கூப்பிட்டார்.

"இதுதான் தாய்னு டாக்டரம்மாவ நீ நம்ப வைக்கணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

"ஆகட்டுங்கய்யா."

டாக்டரம்மா வந்தார், கொழுத்த நாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுவா தாய்? அந்தக் கொட்டகையில என்ன?"

"வெறும் தவிட்டு மூட்டைங்க" என்றார் பூபதி.

பேச்சிக்கனி குட்டிகள் இருந்த கூடையோடு முன்னால் வந்தாள். "நான் சொன்னா நம்புவீங்களாம்மா? குட்டிங்களே சொல்லட்டும். காலையில இருந்து பால் குடிக்கல" என்று கூடையைச் சாய்த்தாள்.

குட்டிகள் குடுகுடுவென்று ஓடின. கொழுத்த நாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே கொட்டகைக் கதவைப் போய்ப் பிராண்டின. உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது.

டாக்டரம்மா சாவிக்குக் கை நீட்டினார். பூபதி மடியில் சாவியைத் துழாவினார்.

பேச்சிக்கனி பணிவாகச் சொன்னாள்: "நம்ம தவிட்டு மூட்டைக்குப் பால் சுரக்குது போலிருக்குங்கய்யா."