கசக்காத இலை

"ஒரு மிடறு குடித்ததும் நம்பிவிடுகிறீர்கள், அம்மா. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை" என்றார் ஆதன்.

நாவுடையாள் தினை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேறு எப்படிக் குடிப்பது, காவலரே?"

"சந்தேகப்பட்டுக் குடிக்கவேண்டும்."

அந்த மலையில் பனிக்காலத்துக்கென்று ஒரு கள் உண்டு. தினையை முளைகட்டி, வறுத்து, கூழாக்கி, பானையில் ஊற்றி மண்ணில் புதைப்பார்கள். பனி முற்றியதும் தோண்டி எடுப்பார்கள். பனிக்கள் என்று பெயர். எந்த வீட்டுப் பானை முதலில் மலைத்தெய்வத்துக்கு என்று சுவைத்துச் சொல்பவளைத்தான் நாவுடையாள் என்றார்கள்.

ஆதன் அவளுடைய சீடர். அவளைவிட வயதில் மூத்தவர். கணவாயில் காவலராக இருந்து ஓய்ந்தவர். கள்ளுக்கும் ஒரு காவல் வேண்டும் என்று தாமாகவே வந்து சேர்ந்தார். ஒவ்வொரு பனியிலும் சுவைக்கும் நாளன்று பானைகளுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பார். யார் கை எங்கே போகிறது என்று கவனிப்பார்.

"யார்மேல் சந்தேகம்?" என்றாள்.

"செம்பிமேல்."

"ஏன்?"

"அவள் மலையேறி வந்த அன்று கணவாயில் அவள் மூட்டையை நான்தான் அவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை."

"பிறகென்ன?"

"அதுதான், அம்மா. குடியேற வருகிறவள் மூட்டையில் ஒன்றுமே இல்லையென்றால் என்ன அர்த்தம்?"

"ஏழை என்று அர்த்தம்."

"மறைத்துவிட்டாள் என்று அர்த்தம்."

நாவுடையாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சரி. இந்தப் பனிக்கு நாக்கு உங்களுடையது. நீங்களே சுவையுங்கள்."

ஆதன் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மறுக்கவில்லை.

"விதி தெரியுமல்லவா?" என்றாள். "பழுது என்று சொன்னால் பானையை உடைப்போம். நஞ்சு என்று சொன்னால் பானையையும் உடைப்போம், காய்ச்சியவர் அன்றைக்கே மலையிறங்கவேண்டும். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது."

"தெரியும்."

"மலைக்குக் கீழே செம்பிக்கு யாரும் இல்லை. பனியில் கணவாயைத் தாண்டியவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்ததில்லை. அதுவும் தெரியுமா?"

"நான் அங்கே காவல் இருந்தவன், அம்மா."

"சுவைப்பவர் பானையும் வரிசையில் இருக்கவேண்டும். நீங்களும் ஒன்று போடுங்கள்."

ஆதன் போட்டார். தினையைத் தாமே பொறுக்கினார். ஊற்றிலிருந்து தண்ணீரைத் தாமே சுமந்தார். குடிசைக்குள்ளேயே குழி தோண்டிப் பானையைப் புதைத்து, அதன்மேல் பாயை விரித்துப் படுத்தார். யாராவது வெளியே இருமினால் எழுந்து உட்கார்ந்தார்.

*

சுவைக்கும் நாள் காலையில் ஆதன் மடி நிறைய சிறியாநங்கை இலை கொண்டுவந்தார்.

"இது எதற்கு?"

"கீழே ஒரு வைத்தியர் சொல்லித் தந்தார். உடம்பில் நஞ்சு ஏறியவனுக்கு இந்த இலை கசக்காது. ஒவ்வொரு குவளைக்கும் ஒரு இலை மென்று பார்ப்பேன். கசந்தால் கள் நல்லது. கசக்காவிட்டால் நஞ்சு."

"இப்போதே மெல்லுகிறீர்களே?"

"இலை நல்ல இலையா என்று பார்க்கவேண்டாமா? விடிந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

நாவுடையாள் அவர் மடியைப் பார்த்தாள்.

நான்கு பானைகள் வரிசையாக இருந்தன. ஆதன் தம் பானையின் வாய்க்கட்டைத் தாமே அவிழ்த்தார். முடிச்சுகள் தாம் போட்டபடியே இருந்தன. பிறகு வழக்கப்படி அவர் கண்ணைத் துணியால் கட்டினார்கள்.

கண்ணைக் கட்டினால் என்ன? காவலருக்குக் காது போதும். செம்பி இடது காலை இழுத்து நடப்பாள்.

முதல் குவளையை ஒரு கனத்த நடை கொண்டுவந்தது. அது செம்பி இல்லை. ஆதன் குடித்தார். இலையை மென்றார். முகம் சுருங்கியது.

"நஞ்சு இல்லை. ஆனால் கள் கசக்கிறது."

"கசக்கிறதா?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கொதித்தார். "பாகற்காயைப் போட்டா காய்ச்சினோம்?"

"பேசக்கூடாது" என்றாள் நாவுடையாள்.

இரண்டாவது குவளை ஓட்டமும் நடையுமாக வந்தது. அதுவும் செம்பி இல்லை. ஆதன் குடித்தார். ஒரு இலை போதவில்லை. கைப்பிடி இலையை வாயில் போட்டு மென்றார்.

"இதுவும் கசக்கிறது. முந்தியதைவிடக் குறைவு."

"இந்த ஆளுக்குத் தேன் கொடுத்தாலும் ஈ எங்கே என்றுதான் கேட்பார்" என்றது ஒரு பெண் குரல். சிலர் சிரித்தார்கள்.

பிறகு அந்த நடை வந்தது. ஒரு காலடி. ஓர் இழுப்பு. ஒரு காலடி. ஓர் இழுப்பு.

ஆதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குவளை கையில் பட்டது. ஒரே ஒரு மிடறு குடித்தார். மடியில் இருந்த இலையை எல்லாம் அள்ளி வாயில் திணித்து மென்றார்.

காத்திருந்தார்.

கசக்கவில்லை.

இன்னும் மென்றார். வைக்கோலை மெல்வதுபோல் இருந்தது.

"நஞ்சு!" என்று கத்தினார். "நஞ்சு கலந்திருக்கிறாள்! அன்றைக்கே சொன்னேனே!"

கூட்டம் எழுந்தது. பானையை உடைக்கக் கற்கள் கைக்கு வந்தன. ஆதனும் கீழே தடவி ஒரு கல்லை எடுத்துக்கொண்டார்.

"எந்தப் பானையில்?" என்று நாவுடையாள் கேட்டாள்.

"இப்போது கொண்டுவந்தாளே, அந்தப் பானையில்."

"இந்தக் குவளைக்கு ஊற்றிய பானையில் நஞ்சு. அதுதானே உங்கள் சொல்?"

"அதுதான் என் சொல்."

அவள் அவருடைய கண்கட்டை அவிழ்த்தாள்.

செம்பி குவளையை ஏந்தியபடி நின்றாள்.  கள்ளில் பாதி கையில் சிந்தியிருந்தது. அவளுக்குப் பின்னால் அவளுடைய பானை இருந்தது. அதன் வாய்க்கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு பானை திறந்திருந்தது.

ஆதன் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அது என் பானை" என்றார்.

"ஆமாம்."

"என் பானைக் கள்ளை அவள் ஏன் ஏந்தினாள்?"

"தன் பானைக் கள்ளைத் தானே ஏந்தக்கூடாது என்பதுதானே இங்கே வழக்கம். இத்தனை பனியும் இங்கேதானே நின்றீர்கள், பார்க்கவில்லையா?"

ஆதன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். கிழவர்தான் சொன்னார்: "எங்கே பார்ப்பார்? எங்களை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்!"

"அந்தப் பானையை யார் தொட்டார்கள், காவலரே?"

"யாரும் தொடவில்லை. அதன்மேல்தான் படுத்தேன்."

"கட்டை யார் அவிழ்த்தது?"

"நான்."

பிறகு சட்டென்று கையை நீட்டினார். "வழியில் கலந்திருப்பாள்! பானைக்கும் எனக்கும் நடுவில், அந்தக் குவளையில்!"

கற்கள் மறுபடி உயர்ந்தன.

செம்பி யாரையும் பார்க்கவில்லை. குவளையில் மிச்சமிருந்ததை ஒரே மூச்சில் குடித்தாள். ஆதனுடைய காலடியில் சிந்திக் கிடந்த ஓர் இலையை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"தூ!" என்று துப்பினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "குடலைப் பிடுங்குகிற கசப்பு! இதையா, அண்ணே, காலையிலிருந்து மென்றுகொண்டிருக்கிறீர்கள்?"

ஒருவர் கல்லைக் கீழே போட்டார். இன்னொருவர் போட்டார்.

ஆதன் குனிந்தார். கடைசியாகக் கிடந்த இலையை எடுத்து நாக்கில் வைத்தார். மென்றார்.

"எனக்குக் கசக்கவில்லையே" என்றார். அவர் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது.

நாவுடையாள் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த வைத்தியர் என்ன சொன்னார்? இன்னொரு முறை சொல்லுங்கள்."

"உடம்பில் நஞ்சு ஏறியவனுக்கு..."

நிறுத்திக்கொண்டார்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது.  நாவுடையாள் அவரை எழுப்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

சற்று நேரம் கழித்து ஆதன் எழுந்தார். கல் அவர் கையிலேயே இருந்தது. தம் பானையை நோக்கி நடந்தார். அதன்முன் நின்று, கணவாய் இருக்கும் பக்கம் ஒரு முறை பார்த்தார். கையை ஓங்கினார்.

ஒரு காலடி. ஓர் இழுப்பு.

செம்பி பானைக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றாள். வெறும் குவளையை நீட்டினாள்.

"நல்ல கள், அண்ணே. இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்."