புஷ்பவல்லியின் எளிமை

ஒரு காட்டில் புஷ்பவல்லி என்றொரு புனுகுப்பூனை வாழ்ந்தது. வெறுமனே வாழ்ந்தது என்றால் அதற்குக் கோபம் வந்துவிடும், குழந்தைகளே. எளிமையாக வாழ்ந்தது என்று சொல்ல வேண்டும்.

அதன் குடிலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். புல் வேய்ந்த கூரை, கோரைப்பாய், பனையோலைப் பெட்டி, வாசலில் பாத்தி பாத்தியாய் முளைக்கீரை, அடுப்பில் வரகுக் கஞ்சி. "எல்லாம் இந்த இரண்டு கையால் செய்தது!" என்று புஷ்பவல்லி கையைத் தூக்கிக் காட்டும். அந்தக் கையில் ஒரு பொட்டு மண்கூட ஒட்டியிருக்காது.

எப்படி ஒட்டும்? கூரை வேய்ந்ததும் பாய் முடைந்ததும் தூக்கணாங்குருவி. பாத்தி கொத்தியது முள்ளம்பன்றி. கஞ்சி காய்ச்சியது மந்தி.

"கண்ணு, ஒரு கை கொடுத்துவிட்டுப் போயேன்" என்று புஷ்பவல்லி குழைந்து குழைந்து கேட்கும். பாவம், மூன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது.

வாகை மரத்தடியில் புஷ்பவல்லி அடிக்கடி உபதேசம் செய்யும். மான்களும் முயல்களும் வாயைப் பிளந்து கேட்கும். அந்த மூன்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. உபதேச நேரத்தில் அவற்றுக்குப் புஷ்பவல்லி வீட்டில் வேலை இருக்கும்.

மழைக்காலம் நெருங்கியது. குருவி பழைய கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டது. புதுப் புல் வேய்வதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காட்டு மயில்கள் உபதேசம் கேட்க வருவதாகச் சேதி வந்தது. புஷ்பவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் குறைந்தால் மானம் போய்விடுமே!

"இன்றைக்கு வேலை கிடக்கட்டும். மூன்று பேரும் முன்வரிசையில் வந்து உட்காருங்கள்" என்றது.

மயில்களைக் கண்டதும் அதன் குரலே மாறிவிட்டது. "தன் கூரையைத் தானே வேயாதவர் சொந்த வீட்டிலும் விருந்தாளிதான்! அடுத்தவரிடம் ஒரு கை கேட்பது வெட்கம்!"

"ஆகா!" என்றன மயில்கள்.

புஷ்பவல்லிக்கு உச்சி குளிர்ந்தது. அதற்குமேல் வாய் நிற்குமா? "கேட்பது வெட்கம் என்றால், கொடுப்பது பெரும்பாவம்! உதவுகிறேன் என்று ஓடுகிறவர் ஒரு நல்ல உயிரைச் சோம்பேறி ஆக்குகிறார்!"

முன்வரிசையில் குருவி ஓவென்று அழுதுவிட்டது. "ஐயையோ, இத்தனை நாளும் நான் செய்தது பாவமா!" மந்தி தலையில் அடித்துக்கொண்டது. முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் தொங்கிப்போயிற்று.

மறுநாள் வானம் கறுத்துக் கிடந்தது. குருவியைக் காணோம். புஷ்பவல்லி அதன் கூட்டுக்கு ஓடியது.

"கண்ணு, கூரை திறந்து கிடக்கிறதே, ஒரு கை..."

குருவி இறக்கையால் காதைப் பொத்திக்கொண்டது. "என்னைச் சோதிக்கிறீர்கள் அக்கா, தெரியும்! அந்தப் பாவம் இனி எனக்கு வேண்டாம்."

முள்ளம்பன்றி தன் வளை வாசலில் கொத்திக்கொண்டிருந்தது. "என் வீட்டுக்கென்று போடும் முதல் பாத்தி அக்கா இது! உங்கள் புண்ணியம்!" என்று காலில் விழுந்தது.

மந்தி தன் குட்டிகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு வாய் கேட்கப் புஷ்பவல்லிக்கு நாக்கு துடித்தது. "தன் கையால் காய்ச்சினால் என்ன ருசி அக்கா!" என்றது மந்தி. புஷ்பவல்லி எச்சிலை விழுங்கிக்கொண்டு திரும்பியது.

உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்றும் ஓடிவந்திருக்கும். அது புஷ்பவல்லிக்கும் தெரியும். ஆனால் சொன்னால் எளிமை என்னாவது?

தானே புல்லைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. ஒரு கற்றையைச் செருகினால் மூன்று கற்றை சரிந்தது. கடைசியில் அதுவும் கற்றையோடு சேர்ந்து கீரைப் பாத்தியில் விழுந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. அடுப்பு அணைந்தது. பாய் மிதந்தது. புஷ்பவல்லி நடுவீட்டில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தது.

மழை என்றால் மயில்களுக்குக் கொண்டாட்டம் அல்லவா? சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு ஆடிப்பாடி வந்துவிட்டன. அந்தச் சத்தம் கேட்டுக் குருவியும் முள்ளம்பன்றியும் மந்தியும் ஓடிவந்தன.

"பாருங்கள்! கூரையே வேண்டாமென்று விட்டுவிட்டார்!" என்றது ஒரு மயில்.

"அடுப்பைக்கூடத் துறந்துவிட்டாரே! எளிமை என்றால் இதுவல்லவா எளிமை!" என்றது இன்னொன்று. குருவி பக்தியோடு கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"இதையெல்லாம் எப்படிச் செய்தீர்கள், அம்மா?" என்று கேட்டது கிழட்டு மயில்.

புஷ்பவல்லி ஒரு தும்மல் போட்டது. பிறகு சேறு சொட்டும் கையைத் தூக்கிக் காட்டியது.

"எல்லாம் இந்த இரண்டு கையால் செய்ததுதான்."

அன்றுதான் அது முதன்முதலாக உண்மை பேசியது.

நீதி: பிறர் உழைப்பைத் தன் உழைப்பென்று சொல்லிக்கொள்பவருக்கு, ஆபத்தில் உதவி கேட்கக்கூட வாய் இருக்காது.