இரண்டு விரல் தள்ளி

நெவேனாவின் குரு பெயர் ராதா. நம்மூர் ராதா இல்லை. ராத்மிலா என்ற பெயரை செர்பியாவில் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்கள். குருவுக்கும் சிஷ்யைக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். ஒரு காலத்தில் இருவரும் டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. முழங்கால் போனதும் ராதா பயிற்சியாளர் ஆகிவிட்டாள்.

நெவேனா பத்தொன்பது வயதில் உலகத் தரவரிசையில் நாற்பத்தொன்றாம் இடத்துக்கு வந்தவள். ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பிறகு தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை, ஒன்றல்ல, இரண்டு. முப்பத்தொரு வயதில் முந்நூற்றுக்கும் கீழே போய்விட்டாள். ஊர் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டது. இந்தப் போட்டியிலும் தகுதிச் சுற்றோடு வெளியேறினால் இனி மட்டையைத் தொடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். எதிரே இருபது வயது ஸ்லோவேனியப் பெண். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் அவளுக்கு. அவள் அடித்த பந்து மூலையில் விழுந்தது. நெவேனா ஓடியும் எட்டவில்லை. கோட்டு நடுவர் வெளியே என்று கையை நீட்டினார். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை.

செங்கல் பொடி பரப்பிய ஆடுகளம் அது. பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். இவ்வளவு சின்னப் போட்டிக்கு கேமராவெல்லாம் கிடையாது. தலைமை நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தடத்தைப் பார்ப்பார். ஆடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கமும் உண்டு. பந்து கோட்டில்தான் பட்டது, அதாவது உள்ளேதான் என்று தெரிந்தால், அந்தப் பக்கம் நிற்பவளே தடத்தைக் காலால் தேய்த்துவிட்டுப் புள்ளியை விட்டுக்கொடுத்துவிடுவாள்.

நெவேனா தேய்க்கவில்லை. அங்கே இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்று கோட்டைத் தொட்டபடி, இன்னொன்று வெளியே இரண்டு விரல் தள்ளி. நடுவருக்கே குழப்பம். எது என்று கேட்டார். நெவேனா தள்ளி இருந்ததைக் காட்டினாள். நடுவரும் வெளியே என்றே தீர்ப்புச் சொன்னார்.

அதன்பின் அந்தப் பெண்ணின் ஆட்டமே குலைந்துபோயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆடித் தோற்றாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு நெவேனா ஒரு போட்டியின் பிரதான சுற்றுக்குள் நுழைந்தாள்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அவள் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு ராதா. நான் இன்னும் ஆடலாமா?"

ராதா அவளை அதே ஆடுகளத்துக்குக் கூட்டிப்போனாள். ஊழியர்கள் அப்போதுதான் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார்கள். தரை மெழுகிவிட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கடைசிப் பந்துக்கு எங்கே நின்றாய், எந்தக் காலை முதலில் எடுத்தாய் என்று ராதா கேட்டாள். வழக்கமான பயிற்சிப் பேச்சுதான். நெவேனா நின்று காட்டினாள், ஓடிக் காட்டினாள். ஓர் அடி தாமதம் என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

"பந்து எங்க விழுந்துச்சு?"

"இங்க."

மட்டையின் நுனியால் தட்டிக் காட்டினாள். தட்டிய பிறகுதான் பார்த்தாள். நுனி வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது.

தள்ளி இருந்த தடம்தான் உண்மையானது என்று நேற்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, நம்பியும் விட்டிருந்தாள். மட்டையை எடுக்கக் கை வரவில்லை.

"நீ பார்த்துட்டியா?"

"நான் எதிர்ப்பக்கம் உக்காந்திருந்தேன். அங்கேருந்து ஒண்ணும் தெரியல."

நெவேனா ஈரத் தரையைக் காட்டினாள்.

"நடுவருக்கே தெரியல. பெருக்கித் தண்ணியும் தெளிச்சாச்சு. இங்க இப்ப தடமே இல்ல ராதா."

"இல்லதான். இல்லாத தடத்தையே தொட்டுக் காட்டுற. உன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. தாராளமா ஆடலாம்."