அருளப்பன் விட்டுட்டுப் போனது

தலைவர் அருளப்பன் அன்னைக்குக் காலையில கிரேன்ல தொங்கிக்கிட்டு இருந்தாரு. சிலையாத்தான். இடுப்புல கயிறு, முகத்துல சிவப்புத் துணி. கடல்காத்து அடிக்கும்போதெல்லாம் மெதுவா ஒரு சுத்து சுத்துவாரு.

கீழ பீடம் தயார், மேளம் தயார். எங்க உப்பளத் தொழிலாளர் இயக்கத்துச் சனம் மொத்தமும் ரோட்டை அடைச்சு நிக்குது. இருபது வருஷமா ஊர்வலத்துல கொடி பிடிக்கிறவ நான். இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்ல. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

கிரேன்காரர் தலையை வெளிய நீட்டிக் கத்தினாரு.

"அண்ணாச்சி, மூஞ்சி எந்தப் பக்கம்? வெரசாச் சொல்லுங்க!"

வந்துச்சு பாருங்க வில்லங்கம்.

"உப்பளத்தைப் பார்த்துதான் நிக்கணும். நம்மளைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்" அப்படின்னாரு மேலக்கிளைத் தலைவர் மாசானம்.

"நம்மளைப் பார்த்து என்ன செய்ய? பஸ்ஸுல போற நாலு பேருக்கு மூஞ்சி தெரிய வேண்டாமா? ரோட்டைப் பார்த்துதான்" அப்படின்னாரு கீழக்கிளை ஜெபமணி.

மாசானம் வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. ஜெபமணி ஆளுங்க கொடியைச் சுருட்ட ஆரம்பிச்சாங்க. எங்க இயக்கத்துல கொடியைச் சுருட்டினா, இனிமே உங்க கூட இல்லன்னு அர்த்தம்.

செயலாளர் சுடலைமணி அண்ணாச்சிக்கு முகம் வெளிறிப் போச்சு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால, ஆட்சியர் ஆபீஸுக்கு ஊர்வலமாப் போகும்போது இதே இடத்துலதான் தலைவர் வெயில் தாங்காம விழுந்து செத்தாரு. அவரைத் தோள்ல தூக்கினவரு அண்ணாச்சி. இப்போ அதே இடத்துல, அந்தத் தலைவர் சிலைக்கு முன்னாலயே, இயக்கம் ரெண்டாப் போகுது.

அண்ணாச்சி நேரா செல்லக்கனி டீச்சர்கிட்ட ஓடினாரு. பள்ளிக்கூட டீச்சர் இல்ல, எங்களை மாதிரி உப்பு வாருறவங்கதான். ஞாயித்துக்கிழமை இயக்க வகுப்பு எடுப்பாங்க. அண்ணாச்சி நாப்பத்தஞ்சு வயசுல அவங்ககிட்டதான் எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. வயசுல அவங்க பத்து வருஷம் சின்னவங்க.

டீச்சர் மைல்கல்லு பக்கத்துல நின்னு, வந்தவங்களுக்குக் குடத்துலயிருந்து தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. அண்ணாச்சிக்கும் ஒரு டம்ளர் நீட்டினாங்க.

"முதல்ல குடிங்க."

"எங்க பிடிச்சது டீச்சர்?"

"அந்த டீக்கடையில கேட்டு வாங்கினேன். நம்ம பக்கம்தான் டேங்கர் வந்து மூணு நாளாச்சே."

அண்ணாச்சி ஒரே மடக்குல குடிச்சாரு.

"ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க. தலைவர் நமக்கு எதை விட்டுட்டுப் போனாரு? அதை வச்சு முடிவு பண்ணிருவோம்."

"அவங்க என்ன சொல்லுதாங்க?"

"நம்மளை விட்டுட்டுப் போனாருங்கான் மாசானம். பேரை விட்டுட்டுப் போனாருங்கான் ஜெபமணி."

"நீங்க?"

"தைரியத்தை விட்டுட்டுப் போனாருன்னுதான் மேடைக்கு மேடை பேசுதேன்."

டீச்சர் சிரிச்சுட்டாங்க.

"அந்தக் கண்ணாடிப் படத்தை எடுத்துட்டு வாங்க."

கண்ணாடிப் படம்னா, தலைவர் விழும்போது அவரு சட்டைப்பையில இருந்த காகிதம். சட்டம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கோம். வருஷா வருஷம் இந்த நாள்ல மேளதாளத்தோட இங்க கொண்டாந்து மாலை போடுவோம். போட்டுட்டு எட்டு அடி பின்னாலயே நடக்கணும். தலைவருக்கு முதுகு காட்டக் கூடாது, அதுதான் வழக்கம். போன வருஷம் மாசானம் அப்படி நடந்துபோய்ச் சாம்பார்ச் சட்டியில உக்காந்துட்டாரு. அப்பவும் கும்பிட்ட கையை எடுக்கலயே மனுஷன்!

அண்ணாச்சி படத்தை நெஞ்சோட அணைச்சுக் கொண்டாந்தாரு.

"மாலையை எடுங்க. எடுத்துட்டுப் படிங்க."

"இதையா?"

"உங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது எதுக்கு?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமினாரு. "அனுப்புநர்: அருளப்பன், உப்பளத் தொழிலாளர் இயக்கம்."

"அடுத்து?"

"பெறுநர்..." அங்கயே நின்னுட்டாரு.

"யாரு பெறுநர்? நாமளா?"

"இல்ல டீச்சர். மாவட்ட ஆட்சியர்."

"பொருள்?"

"உப்பளத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டுதல் தொடர்பாக."

டீச்சர் குடத்தைச் சாய்ச்சு அடுத்த ஆளுக்குத் தண்ணி ஊத்தினாங்க.

"இதைக் கொண்டு போய்க் கொடுத்தோமா?"

"அவரு கையெழுத்துப் போட்ட கடைசிக் காகிதம் டீச்சர்! அதைப் போய் எப்படி..."

"வேற மனு?"

"கொடுத்தோமே. ரோட்டுக்கு அவரு பேரை வைக்கச் சொல்லி ரெண்டு. சிலைக்கு இடம் கேட்டு ஏழு."

சொல்லும்போதே அவரு குரல் இறங்கிப் போச்சு. எனக்கும் சுருக்குன்னுச்சு. பதினெட்டு வருஷமா அந்தக் காகிதத்துக்கு மாலை கட்டுறவ நான். ஒரு நாளும் அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டதில்ல. வெக்கமா இருந்துச்சு.

"அண்ணாச்சி, அவரு விழும்போது நீங்கதானே பக்கத்துல? எந்தப் பக்கம் பார்த்து விழுந்தாரு?"

அண்ணாச்சி கை தானா எழும்பி, ஆட்சியர் ஆபீஸ் இருக்குற டவுன் பக்கம் நீண்டுச்சு.

"குப்புற விழுந்தாரு. வலது கை முன்னால நீட்டி இருந்துச்சு. நான்தான் டீச்சர், திரும்பிருவோம்னு சொன்னேன்." அழுதுட்டாரு.

"அன்னைக்குத் திரும்பினது சரிதான். செத்தவரைத் தூக்கிக்கிட்டு எந்த ஆபீஸுக்குப் போக?" டீச்சர் டம்ளரைக் கழுவிக் கவுத்தாங்க. "மறுநாளு?"

"மாலைதான் போட்டோம் டீச்சர்."

"இங்கயிருந்து ஆட்சியர் ஆபீஸ் எவ்வளவு தூரம்?"

"ஆறு கிலோமீட்டர்."

"அதைத்தான் விட்டுட்டுப் போயிருக்காரு."

அண்ணாச்சி மைல்கல்லைப் பார்த்தாரு. ரோட்டைப் பார்த்தாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திடீர்னு என்னைப் பார்த்துக் கத்தினாரு.

"ஏ, இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கக்கிழமை அண்ணாச்சி!"

"ஆட்சியர் மனு வாங்குற நாளு!"

எங்கயிருந்துதான் அவ்வளவு பலம் வந்துச்சோ, சட்டத்தோட பின்பலகையைக் கையாலயே பிய்ச்சு எறிஞ்சாரு. மஞ்சப் பூத்துப் போன அந்தக் காகிதத்தை எடுத்துச் சட்டைப்பையில வச்சாரு. கிரேனைப் பார்த்துக் கை காட்டினாரு.

"டவுனைப் பார்த்து இறக்குங்க!"

சிலை இறங்குச்சு. துணி விலகுச்சு. அடேயப்பா, தலைவர் டவுனுக்குப் போற அந்த ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கி, பெறுநர் யாருன்னு கூட்டத்துக்கே படிச்சுக் காட்டினாரு. பொம்பளைங்க பக்கமிருந்து ஒரு குலவை! ஜெபமணி ஆளுங்க சுருட்டின கொடியை உதறி விரிச்சாங்க. மாசானம் மேளக்காரங்களை முன்னால தள்ளினாரு. "அடிங்கப்பா! ஆறு கிலோமீட்டருக்கும் அடிங்க!"

கூட்டம் கிளம்புச்சு. ஆனா எப்படி? தலைவரைக் கும்பிட்ட கையோட, பழக்க தோஷத்துல, எல்லாரும் பின்னாலயே நடக்கோம். நானும்தான். கொடிக்கம்பு ஜெபமணி தலையில இடிக்குது, யாரோ யார் காலையோ மிதிக்காங்க. எட்டு அடி முடிஞ்சதும் மொத்தக் கூட்டமும் நின்னுபோச்சு. இனிமே திரும்பித்தானே ஆகணும்? யாருக்கும் தைரியம் வரல.

முதல் வரிசையில நின்ன அண்ணாச்சி டீச்சரைப் பார்த்தாரு.

"டீச்சர், திரும்பினா தலைவருக்கு முதுகு காட்டின மாதிரி ஆயிருமே?"

டீச்சர் காலிக் குடத்தை இடுப்புல எடுத்து வச்சு, டவுன் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பிச்சாங்க.

"நம்ம மூஞ்சியை அவரு பதினெட்டு வருஷமாப் பார்த்தாச்சு அண்ணாச்சி. முதுகைப் பார்க்கத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."