தொர்க்காள் வீட்டுத் தேவதூதன்

தள்ளிப் படுட்டி. அக்காகூட சண்டைன்னா, அந்தப் பக்கம் படுத்திருக்கிற அவளுக்கு முதுகைக் காட்டிட்டு என் விலாவுலயா வந்து குத்துவே? மூஞ்சிய எங்கிட்டு வேணாலும் திருப்பிக்கோ, காதை மட்டும் இங்க வையி. நான் சொல்லச் சொல்ல "ம்" போடணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும். எங்க, போடு பாப்போம். ஆங், அப்படித்தான்.

ஒரு ஊர்ல ஒரு தொர்க்காள் இருந்தா. எந்த ஊருன்னு கேக்காதே. செம்மண்ணு, பனைமரம், ஊரு நடுவுல சிலுவையோட ஒசந்த கோபுரம் வச்ச வேதக்கோயிலு, அவ்வளவுதான் ஊரு. தொர்க்காள் நல்லவதான், ஆனா மூக்கு நுனியில கோவம். அவ வீட்டு முத்தத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு, அதுல லேயாள் இருந்தா. லேயாள் யாருன்னா, தொர்க்காள் புருசனோட தம்பி பொண்டாட்டி. ஓரகத்தி. வாசல் ரெண்டு, முத்தம் ஒண்ணு. அண்ணனும் தம்பியும் ஒண்ணா வேலைக்குப் போவாங்க, ஒண்ணா வருவாங்க. பொண்டாட்டிமாருக்குத்தான் பேச்சுவார்த்தை கிடையாது.

ஏன் கிடையாது? ஒரு எலும்பால.

சிரிக்காதட்டி, நெசமாத்தான். கோயில் பண்டிகைக்கு அசனம் போடுவாங்கல்ல? வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, ஆடு கொடுத்து, பெரிய பெரிய அண்டாவுல ஆக்கி, ஊரே வரிசையா உக்காந்து சாப்பிடும். அன்னைக்குக் கறி வாளியத் தூக்கிட்டு வந்தவ லேயாள். பக்கத்து இலைக்கு மெத்து மெத்துன்னு கறி விழுந்துச்சு. தொர்க்காள் இலைக்கு வந்ததும் வாளிக்குள்ள கரண்டிய விட்டுத் துழாவு துழாவுன்னு துழாவுனா. அப்புறம் "ணங்"குனு ஒரு எலும்பு விழுந்துச்சு. ஒரே ஒரு எலும்பு.

தொர்க்காளுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. ஊர் முன்னால என் இலையில எலும்பா? அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. எடுத்து நாய்க்கு வீசிட்டு எந்திரிச்சு வந்துட்டா. அன்னையில இருந்து லேயாள் இருக்கிற திசையில கண்ணைத் திருப்புறதே இல்ல. கோயில்ல அவ இந்தப் பாயில உக்காந்தா இவ அந்தப் பாயில. ஏதாவது சொல்லியே ஆகணும்னா ஆட்டுக்கிட்டச் சொல்லுவா. "ஏ ஆடே, உன் கொடியில துணி காயுது, கொஞ்சம் தள்ளிக் கட்டு." ஆடு எங்கட்டி துணி துவைக்கும்? லேயாளும் அவ பங்குக்குக் கோழிகிட்டப் பதில் சொல்லுவா. இப்படியே ஒரு வருசம் ஓடிப்போச்சு.

ம் போட்டியா? சரி.

அப்போ அந்த ஊர்ல பந்தல் போட்டு ஒரு கூட்டம் நடந்துச்சு. வெளியூர்ல இருந்து பிரசங்கியார் வந்திருந்தாரு. அவரு சொன்னாரு, "மூஞ்சியில இருக்கிற ரெண்டு கண்ணு பத்தாதும்மா. ஆவிக்குரிய கண்ணு திறக்கணும். ஆண்டவர் உங்களுக்கு உதவியா யாரையெல்லாம் அனுப்பி வச்சிருக்கார்னு அப்பதான் தெரியும்."

தொர்க்காள் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டா. தேவதூதனைத்தான் சொல்றாரு, எப்படியாவது கண்ணால பாத்துரணும்னு முடிவு பண்ணிட்டா. மறுநாள் காலையில புருசன் வேலைக்குப் போனதும் முத்தத்தைப் பாத்த மாதிரி நடையில பாய விரிச்சா, முக்காடு போட்டா, முழங்கால் போட்டா. கண்ணை எப்படி மூடினா தெரியுமா? புளியங்காயக் கடிச்சவ மாதிரி, அவ்வளவு இறுக்கமா. "ஆண்டவரே, என் கண்ணைத் தொறங்க. ஆண்டவரே, என் கண்ணைத் தொறங்க." கண்ணை இந்த இறுக்கு இறுக்கிக்கிட்டுத் தொறங்க தொறங்கன்னா அவருதான் என்ன செய்வாரு, பாவம்.

அப்போ பாரு, முத்தத்துல கட்டியிருந்த ஆடு கயித்தை அத்துக்கிட்டு முருங்கைக் கன்னுகிட்டப் போயிருச்சு. மொறுக் மொறுக்னு சத்தம். தொர்க்காளுக்குக் கேக்குது. ஆனா ஜெபத்துல கண்ணைத் தொறக்கலாமா? தொறக்கல. கொஞ்ச நேரத்துல மொறுக் மொறுக் நின்னுபோச்சு. ஆமென் சொல்லிட்டுக் கண்ணைத் தொறந்தா, ஆடு கட்டின எடத்துல கட்டினபடி நிக்குது. கயித்துல புது முடிச்சு.

"யாரு கட்டினா?" சுத்திப் பாத்தா. ஒருத்தரும் இல்ல. அந்தப் பக்கம் மட்டும் பாக்கல, அங்கதான் பாக்க மாட்டாளே. தொர்க்காளுக்குப் புல்லரிச்சுப்போச்சு. தேவதூதன்தான் வந்திருக்கான்னு நெனச்சா.

அப்புறம் இன்னொரு நாளு. அவிச்ச நெல்லை முத்தத்துல பரப்பிக் காயப்போட்டுட்டு ஜெபத்துல உக்காந்துட்டா. வானம் குடுகுடுன்னுச்சு. அப்புறம் சடசடசடன்னு மழை. ஐயோ நெல்லு. தொர்க்காள் கண்ணைத் தொறக்கணும், ஆனா தொறக்கல. "நீரே பாத்துக்கிடும் ஆண்டவரே"ன்னு இன்னும் இறுக்கிக்கிட்டா. சரசரன்னு யாரோ நெல்லைக் கூட்டுற சத்தம். ஆமென் சொல்லிட்டுப் பாத்தா, நெல்லு அம்புட்டும் நடுமுத்தத்துல குமிச்சிருக்கு. மேல ஒரு சேலை மூடியிருக்கு. ஊதாக் கலரு, ஓரத்துல மஞ்சள் பொட்டு பொட்டா.

அவ்வளவுதான், தொர்க்காளைக் கையில பிடிக்க முடியல. மழை விட்டதும் சேலையத் தட்டுல மடிச்சு வச்சு வீடு வீடாப் போனா. "பாருங்க, தேவதூதனோட சேலை." பாத்த பொம்பளைங்க எல்லாம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. தொர்க்காள் அதைப் பயபக்தின்னு நெனச்சுக்கிட்டா. கோயில்ல ஜெபம் நடத்துற உபதேசியார் மாசிலாமணி மட்டும் தாடிய வருடிக்கிட்டே கேட்டாரு, "தேவதூதர்னா வெள்ளைதானம்மா உடுத்துவாங்க?" தொர்க்காள் சொன்னா, "மழையில அழுக்குத் தெரியாத கலராக் கட்டிட்டு வந்திருப்பாங்கய்யா." உபதேசியாருக்கு இருமல் வந்திருச்சு. சேலைய வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டா.

கண்ணு சொருகுதா? இன்னும் கொஞ்சம்தான், ம் போடு.

மூணாவது தடவை என்னாச்சு தெரியுமா? ஊரெல்லாம் கேக்குது, "தொர்க்காள், தேவதூதனுக்கு றெக்கை எம்புட்டு நீளம் இருக்கும்?" அவளுக்கு என்ன தெரியும்? அதனால அன்னைக்கு ஒரு திருட்டுத்தனம் பண்ணினா. ஜெபத்துல ஒத்தைக் கண்ணை மட்டும் லேசாத் தொறந்து பாத்துருவோம்னு நெனச்சா. முழங்கால் போட்டா, முக்காடு போட்டா. கொஞ்ச நேரத்துல பட பட பட படன்னு றெக்கைச் சத்தம். வந்தாச்சு. மெல்ல, மெல்ல, ஒத்தைக் கண்ணைத் தொறந்தா.

அங்க லேயாள் நிக்கிறா. அவ கையில தொர்க்காளோட செவலைக் கோழி. அதோட றெக்கைதான் பட பட பட.

தொர்க்காள் எந்திரிச்சு நின்னு கத்தின கத்து கோயில் கோபுரத்துக்குக் கேட்டுச்சு. "ஏட்டி கோழித் திருடி. நான் ஜெபம் பண்ற நேரம் பாத்து வாரியா? கறிய மறைச்சவ இப்போ கோழியவே தூக்கப் பாக்கிறியா?"

லேயாள் கோழியத் தரையில விட்டா. "ஏ கோழி, நடந்ததை நீயே சொல்லிக்கோ"ன்னு அதுகிட்டச் சொன்னா. முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் போயிட்டா. கோழிக்குப் பேசவா தெரியும்? கொக் கொக்னு நொண்டிக்கிட்டே கூட்டுக்குள்ள போயிருச்சு.

தொர்க்காளுக்கு ஆத்திரம் அடங்கல. அன்னைக்கே பச்சைத் தென்னோலையில கிடுகு முடைஞ்சு முத்தத்துக்குக் குறுக்க இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தட்டி அடைச்சுட்டா. இனி அந்த மூஞ்சியே தெரியக் கூடாது பாரு.

அப்புறம் மறுநாள் ஜெபத்துல உக்காந்தா. ஆடு கயித்தை அத்துச்சு. மொறுக் மொறுக். நிக்கல. மொறுக் மொறுக் மொறுக். ஆமென் சொல்லிட்டுப் பாத்தா முருங்கைக் கன்னு குச்சியா நிக்குது. அதுக்கடுத்த நாள் காயப்போட்ட நெல்லு மழையில ஊறி நாறிப்போச்சு. ஒரு றெக்கைச் சத்தமும் இல்ல. தொர்க்காள் அழுதா. "ஆண்டவரே, நான் என்ன தப்புப் பண்ணினேன்? ஏன் தேவதூதனை நிறுத்திப்புட்டீரு?" அவளுக்கு நெசமாவே தாங்க முடியல, தங்கம். தனியாவே ஆகிப்போன மாதிரி இருந்துச்சு.

அப்படி அழுதுக்கிட்டிருக்கும்போது மறுபடியும் மொறுக் மொறுக். இந்தத் தடவை முருங்கை இல்ல, முருங்கைதான் தீந்துபோச்சே. ஆடு தட்டியத் தின்னுக்கிட்டிருக்கு. தொர்க்காள் விரட்டப் போறதுக்குள்ள ஒரு ஆளு குனிஞ்சு போற அளவுக்கு ஓட்டை போட்டிருச்சு. ஆட்டைப் பிடிச்சு இழுக்கிறவ, ஓட்டை வழியா அந்தப் பக்கம் பாத்துட்டா. ஒரு வருசத்துக்கு அப்புறம் அப்பதான் பாக்கிறா.

கொடியில ஒரு ரவிக்கை காயுது. ஊதாக் கலரு. கையில மஞ்சள் பொட்டு பொட்டா.

தொர்க்காள் அப்படியே நின்னுட்டா. தேவதூதன் ரவிக்கை போடுவானா?

அப்போதான் ஒண்ணொண்ணா மனசுக்குள்ள வருது. இது லேயாளோட கிறிஸ்மஸ் சேலைக்கு எடுத்த ரவிக்கை. கொடியில காஞ்ச புதுச் சேலையத்தான் உருவியெடுத்து என் நெல்லுக்கு மூடியிருக்கா. நான் அதைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன். பேச்சு இல்லாததால அவளால திருப்பிக் கேக்கக்கூட முடியல. ரவிக்கைய மட்டும் துவைச்சுத் துவைச்சுக் காயப்போடுறா. தொர்க்காள் ஓடிப்போய்க் கோழியப் பிடிச்சுத் தூக்கிப் பாத்தா. வால் பக்கம் இறகு பிஞ்சு, கீரி கடிச்ச தடம். கீரி வாயில இருந்து பிடுங்கினவளைத் திருடின்னு சொல்லிட்டேனே. தேவதூதன் வர்ற வழிய நானே தட்டி போட்டு அடைச்சுட்டேனே.

அன்னைக்குத்தான் தொர்க்காள் மொத மொதல்ல கண்ணைத் தொறந்துக்கிட்டே ஜெபம் பண்ணினா. சின்ன ஜெபம்தான். "ஆண்டவரே, பாத்துட்டேன்."

பெட்டியத் தொறந்து சேலைய எடுத்தா. வாசல் வழியாச் சுத்திப் போகப் பொறுமை இல்ல. ஆடு போட்ட ஓட்டை வழியா முழங்கால் போட்டுத் தவழ்ந்தே போனா. அங்க போனா, லேயாள் அடுப்பங்கரையில முக்காடு போட்டுக் கண்ணை மூடி ஜெபத்துல இருக்கா. அடுப்புல கஞ்சி புஸ்ஸுன்னு பொங்கி வழியுது. தொர்க்காள் சத்தம் காட்டாம விறகை வெளிய இழுத்தா. மூடியத் தொறந்தா, கிண்டிவிட்டா. அப்புறம் அந்த ஊதாச் சேலையப் பிரிச்சு லேயாள் தோள்ல போத்தினா.

லேயாள் கண்ணைத் தொறக்கல. அப்படியே சொன்னா, "தேவதூதன் வந்தது வந்தாச்சு. கஞ்சிக்கு உப்பும் போட்டிருங்கக்கா."

தொர்க்காளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்திருச்சு. "கண்ணை மூடிக்கிட்டு இருக்கே, நான்தான்னு எப்படித் தெரிஞ்சுச்சுட்டி?"

"உங்க காலடிச் சத்தம் எனக்குத் தெரியாதாக்கா? எப்போ இந்தப் பக்கம் வரும்னு ஒரு வருசமாக் காத்துக்கிட்டுதானே கெடக்கேன்."

தொர்க்காள் உப்பை எடுத்துக் கஞ்சியில போட்டா. அப்புறம் மெல்லக் கேட்டா, "இவ்வளவு பாசம் வச்சிருக்கிறவ, அன்னைக்கு ஏன் என் இலையில எலும்பைப் போட்டே?"

லேயாள் இப்போ கண்ணைத் தொறந்துட்டா. "எலும்பாக்கா? அது நல்லி எலும்பு. உங்களுக்குப் பிடிக்கும்னு வாளிக்குள்ள தேடித் தேடி எடுத்தேன். வேற யாருக்கும் விழுந்துரக் கூடாதேன்னு அடியில ஒளிச்சுல்ல வச்சிருந்தேன்."

பாத்தியா, கண்ணை நல்லாத் தொறந்து வச்சுக்கிட்டு நல்லி எலும்பை நாய்க்குப் போட்டிருக்கா. அந்த நாய்க்குத்தான் அன்னைக்குப் பண்டிகை.

அப்புறம் என்ன, அடுத்து வந்த அசனத்துல கறி வாளியத் தூக்கிட்டு லேயாள் வந்தா, ஊதாச் சேலையக் கட்டிக்கிட்டு. தொர்க்காள் இலைகிட்ட நின்னு துழாவு துழாவுன்னு துழாவுனா. "ணங்." தொர்க்காள் அதைக் கையில எடுத்து, தட்டி, ஸ்ஸ்ர்ர்ருன்னு உறிஞ்சினா பாரு, பந்தி மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு. உபதேசியார் கேட்டாரு, "என்ன தொர்க்காள், தேவதூதனை அப்புறம் பாத்தியாம்மா?" அவ வாய் நெறைய வச்சுக்கிட்டுச் சொன்னா, "கறி வாளியோட போறாங்கய்யா."

அந்தத் தட்டி? மிச்சத்தையும் ஆடு தின்னு தீத்துருச்சு.

ம்? என்னட்டி, ம் சத்தமே காணோம். தூங்கிட்டியா, பாதித் தூக்கமா? சரி, திரும்பாதே, அப்படியே கெட. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு கை மெல்ல நீண்டு வந்து, விலகின போர்வைய உன் தோள் வரைக்கும் இழுத்து விடுது. யாரு கைன்னு நான் சொல்ல மாட்டேன். காலையில எந்திரிச்சதும் நீயே பாத்துக்கோ. தொர்க்காள் கதைக்கு ஆமென் சொல்லியாச்சு, கண்ணை மூடு.